முதலில் தோல், பிறகு காரம்: கரி நெருப்பில் கோழி இறக்கை

கோழியின் உடலில், கறியோடு ஒப்பிட்டால் தோல் மிக அதிகமாக உள்ள பகுதி இறக்கை. கறிக்கோழியின் ஒரு முழு இறக்கை ஏறத்தாழ 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். எலும்பைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது கொஞ்சம் கறி, அதைச் சுற்றிலும் தோல், தோலுக்கு அடியில் கொழுப்பு, மூட்டுகளில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு. நெஞ்சுக்கறி அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் சக்கையாகிவிடும். இறக்கை அப்படியில்லை, நேரம் கூடினால் இளகும். அதனால் திறந்தவெளி அடுப்பில் கார இறக்கை சுடுவது, பெயரில் காரம் இருந்தாலும், முக்கால் பங்கு தோலைப் பற்றிய வேலை. மிளகாய் கடைசி ஐந்து நிமிடத்து விஷயம். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் வெளியே கருகி, உள்ளே சவசவத்து, கடித்தால் இழுபடும் இறக்கை தட்டுக்கு வருகிறது.

இறக்கைக்கு மூன்று துண்டுகள். உடலோடு ஒட்டிய மேல்துண்டில் ஒற்றை எலும்பு, ஓரளவு தடித்த கறி. உணவகங்களில் சிக்கன் லாலிபாப் செய்வது இந்தத் துண்டில்தான். நடுத்துண்டில் இணையாக ஓடும் இரண்டு எலும்புகள். அவற்றின் நடுவே இருப்பது கொஞ்சம்தான் என்றாலும் இறக்கையிலேயே மென்மையான கறி அது. நுனியில் தோலும் குருத்தெலும்பும் தவிர ஒன்றுமில்லை. நெருப்பில் முதலில் கருகுவது அதுதான் என்பதால் நுனியை நறுக்கி எடுத்துச் சூப்புக்கு வைத்துவிடுவது நல்லது. மூட்டை விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அங்கே கத்தியை வைத்து அழுத்தினால் எலும்பில் இடிக்காமல் இறங்கும். வெட்டுக்கத்தியால் ஓங்கிப் போட்டால் எலும்புச் சில்லு கறிக்குள் போய்விடும். கறி வேண்டும் என்பவர்களுக்கு மேல்துண்டு. தோலின் ருசி தெரிந்தவர்கள் நடுத்துண்டுக்குத்தான் கை நீட்டுவார்கள்.

இன்று உலகம் முழுக்கக் கார இறக்கை என்று அறியப்படும் பண்டத்தின் சொந்த ஊர், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ நகரம். 1964இல் அங்கே ஆங்கர் பார் என்ற உணவகத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த தெரசா பெல்லிசிமோ, அதுவரை சூப்புச் சட்டிக்குப் போய்க்கொண்டிருந்த இறக்கைகளை எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸில் புரட்டி, செலரித் தண்டோடும் புளூ சீஸ் குழைவோடும் வைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கதையே வீட்டுக்குள் இரண்டாகப் பிரிந்திருந்தது. கணவர் ஃபிராங்க் சொன்னபடி, கடைக்குத் தவறுதலாக வந்து இறங்கிய இறக்கைகள்தான் காரணம். மகன் டொமினிக் சொன்னபடி, வெள்ளிக்கிழமை இரவு வெகுநேரம் கழித்துப் பசியோடு வந்து நின்ற நண்பர்கள்தான் காரணம். 1980இல் கால்வின் டிரில்லின் நியூ யார்க்கர் இதழில் இதைத் துருவி எழுதியபோது மூன்றாவதாக உரிமை கோருபவரும் தென்பட்டார். ஜான் யங் என்ற கறுப்பின உணவகக்காரர், 1960களில் அதே நகரத்தில் முழு இறக்கையை மாவில் தோய்த்துப் பொரித்து மம்போ சாஸ் ஊற்றி விற்றவர். யார் முந்தியவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டும் வேறு வேறு பண்டங்கள் என்று விட்டுவிடுவதே நியாயம். நகராட்சிக்கு இந்தச் சச்சரவு ஒரு பொருட்டாக இல்லை. 1977 ஜூலை 29ஆம் தேதியை அது கோழி இறக்கை நாள் என்று அறிவித்துவிட்டது.

பஃபலோ முறை எண்ணெய் முறை. ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் எண்ணெய் துண்டை எல்லாப் பக்கமும் சூழ்ந்து, தோலின் ஈரத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் விரட்டிவிடும். மாவு பூசாமலே தோல் மொறுமொறுப்பாவது அதனால்தான். கரி அடுப்பில் அந்த வசதி கிடையாது. சூடு கீழேயிருந்து மட்டும் வரும், அதுவும் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு. இதைச் சமாளிக்கும் கருவி மூடி. 1952இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே செய்துகொண்டிருந்த உலோக மிதவையை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்குக் கால் வைத்து, மறுபாதியை மூடியாக்கினார். கெட்டில் கிரில் என்று இன்று விற்கும் உருண்டை அடுப்பு அதிலிருந்து வந்தது. அடியில் காற்றுத்துளை, மூடியில் காற்றுத்துளை. மூடிவிட்டால் சூடான காற்று உள்ளே சுழன்று மேலேயும் பக்கவாட்டிலும் துண்டைத் தொடும். சுடும் அடுப்பே வேகவைக்கும் அடுப்பாகவும் ஆகிவிடும். மூடி இல்லாத தகர அடுப்பில் இறக்கை சுட முடியாது என்றில்லை. ஆனால் அங்கே முழு நேரமும் இடுக்கியைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முதல் தடை கோழிக்கடையிலேயே வருகிறது. பிராய்லர் கோழியின் இறகைத் தோலோடு சேர்த்து உரித்தெறிந்து கொடுப்பதே இங்குள்ள கடைகளின் வழக்கம். தோல் உரித்த இறக்கையைக் கரி நெருப்பில் போட்டால் அது வேறு பதார்த்தம். நன்றாக இருக்கலாம், ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது. முன்கூட்டியே சொல்லி, தோலோடு, வெந்நீரில் முக்கி இறகு பறித்த கோழியின் இறக்கையாக வாங்க வேண்டும். நாட்டுக்கோழியைத் தோலோடு மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டிச் சமைக்கும் ஊரில் பிராய்லர் தோலுக்கு மட்டும் இவ்வளவு இளக்காரம் ஏனோ தெரியவில்லை. அதற்காக நாட்டுக்கோழி இறக்கையை இதற்கு எடுக்கவும் கூடாது. அதன் கறி குழம்பில் கொதிக்கப் பிறந்தது. முக்கால் மணி நேர அடுப்புச் சூட்டுக்கு இளகாது.

வாங்கி வந்ததும் கழுவுவதா வேண்டாமா என்பதில் அமெரிக்க வேளாண் துறையும் தமிழ்ச் சமையலறையும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீரோடு சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் காய்கறியிலும் பரவும். கழுவுவதால் கிருமி போவதில்லை, சூடுதான் அதைக் கொல்லும் என்பது அங்குள்ளவர்கள் வாதம். அந்த வாதம் சரிதான். ஆனால் ரத்தமும் இறகுத் துணுக்கும் ஒட்டியிருக்கும் கடைக்கறியைக் கழுவாமல் சமைக்க இங்கே யாருக்கும் மனம் வராது. அப்படியானால் குழாயைத் திறந்துவிடாமல், பாத்திரத்தில் நீர் நிரப்பி மெதுவாக அலசி, பிறகு தொட்டியைச் சோப்பு போட்டுத் துலக்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். அலசிய பின் துடைப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு துண்டாக எடுத்து, காகிதத் துண்டாலோ அதற்கென்றே வைத்த துணியாலோ ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும்.

ஈரத்தின் மேல் இவ்வளவு பகை எதற்கு என்றால், தண்ணீர் இருக்கும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறியும் தோலும் பொன்னிறமாகிச் சுட்ட மணம் எழுப்பும் வேதிவினை (1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையாரின் பெயரால் அறியப்படுவது) ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். ஈரத் தோல் நெருப்பின் பாதி நேரத்தை ஆவி விடுவதிலேயே கழித்துவிடும். அதற்குள் ஓரங்கள் கருகியிருக்கும்.

துடைத்த துண்டுகளுக்கு உப்பும் பேக்கிங் பவுடரும் தூவுவது அமெரிக்க வீட்டுச் சமையலில் இப்போது நிலைத்துவிட்ட பழக்கம். ஒரு கிலோ இறக்கைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள். உப்பு உள்ளே இறங்கிக் கறியின் சாறு வெளியேறாமல் காக்கும். பேக்கிங் பவுடர் தோலின் பிஎச் அளவை உயர்த்துகிறது. அப்போது புரதங்கள் எளிதில் உடைந்து, நிறம் சீக்கிரம் ஏறும். அதோடு தோலின் ஈரத்தோடு கலந்து நுண்ணிய குமிழிகளை எழுப்பும். வெந்தபின் தோல் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்திருப்பது அதனால். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டதென்று ஆப்ப சோடாவை அதே அளவு போட்டால் கறியில் சோப்புக் கசப்பு ஏறிவிடும். அதைவிட ஒன்றும் போடாமல் இருப்பது மேல். தூவிய துண்டுகளைக் கம்பித்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, கீழே ஒரு தட்டு வைத்து, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் 8 முதல் 24 மணி நேரம் விட வேண்டும். உள்ளே ஓடும் உலர்ந்த குளிர்காற்று தோலைக் காகிதம்போல் இறுக்கிவிடும். அடித்தட்டு என்பதற்குக் காரணம், சொட்டினாலும் மற்ற உணவின்மேல் சொட்டக் கூடாது.

தயிரும் எலுமிச்சையும் இஞ்சிப்பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் குழைத்துத் தடவி ஊறவைக்கும் தந்தூரிப் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது. தந்தூரியில் அந்த முறை அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே தோல் கிடையாது. தயிர் விழுதே தோலின் இடத்தில் இருந்து கறியைக் காக்கிறது, மண் அடுப்பின் கடும் சூடு சில நிமிடத்தில் அதை உலர்த்திவிடுகிறது. தோலுள்ள இறக்கையில் அதே விழுதைப் பூசினால் தோல் நனைந்து, கொழுப்பு உருகி வெளியேற வழியில்லாமல் போய், விழுது மட்டும் கருகும். தோலைத் தாண்டி மசாலா உள்ளே போவதும் இல்லை. ஊறவைத்தே தீர வேண்டும் என்பவர்கள் இஞ்சிப்பூண்டு, மிளகாயோடு உப்பு கரைத்த நீரில் 2 மணி நேரம் ஊறவிட்டு, வடித்துத் துடைத்து, பிறகு மேலே சொன்னபடி உலர்த்தலாம். சுற்றுவழிதான், ஆனால் போய்ச் சேரும்.

அடுத்தது கரி. அழுத்தி வார்த்த பிரிக்கெட் கரி ஒரே அளவாக, ஒரே சூட்டில் நெடுநேரம் எரியும். மரத்துண்டாகவே இருக்கும் கட்டைக்கரி சீக்கிரம் பற்றும், அதிகச் சூடு தரும், சீக்கிரம் தீரும். இறக்கைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிலையான சூடு தேவைப்படுவதால் பிரிக்கெட் வசதியானது. கட்டைக்கரியானால் நடுவில் ஒருமுறை சேர்க்க வேண்டியிருக்கும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்தில் மூட்டம் போட்டு எடுப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலக் கரி. ஊரே சபிக்கும் இந்த மரமும், அமெரிக்கத் தென்மேற்கில் பார்பெக்யூக்காரர்கள் விலை கொடுத்துத் தேடும் மெஸ்கீட் மரமும் தாவரவியலில் நெருங்கிய உறவு. ஹவாயில் கோழி சுடப் பயன்படும் கியாவே கரியும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். டெக்சாஸ்காரர் பையில் அடைத்து விற்பதற்கு ஒப்பான கரி, ராமநாதபுரத்தில் சாக்குமூட்டையில் கிடைக்கிறது.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. அந்த வாடை தோலில் ஏறினால் எந்த சாஸாலும் மறைக்க முடியாது. சிம்னி ஸ்டார்ட்டர் எனப்படும், அடியில் ஓட்டைகள் கொண்ட இரும்புக் குழாயில் கரியை நிரப்பி, கீழே இரண்டு மூன்று தாள்களைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால் 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியும் சாம்பல் பூத்துவிடும். கரி சாம்பல் பூக்கும் முன் இறக்கையை வைக்கும் அவசரம் வேண்டாம். பாதி பற்றிய கரியின் புகை கசக்கும்.

தணலை அடுப்பு முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பக்கம் தணல், மறுபக்கம் வெறும் அடுப்பு. வெறும் பக்கத்தில் கொழுப்பு சொட்ட ஒரு தகரத் தட்டு. இறக்கைகள் முதலில் வெறும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இறக்கைக்கென்றே கூம்பு வடிவ எஃகு வளையம் ஒன்று விற்கிறார்கள். அதை அடுப்பின் நடுவே வைத்து உள்ளே தணலைக் கொட்டினால் சூடு மேலெழுந்து, மூடியில் பட்டு, சுற்றிலும் வட்டமாக அடுக்கிய இறக்கைகள்மேல் சமமாக இறங்கும். நல்ல ஏற்பாடு, ஆனால் அது இல்லாமலும் பழுதில்லை. எரிவாயு கிரில் வைத்திருப்பவர்கள் ஒரு பர்னரை அணைத்துவிட்டு அதன்மேல் துண்டுகளை வைத்தால் போதும்.

மூடிய அடுப்பின் உட்சூடு 200 முதல் 220 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அடித்துளைதான் சாவி. மேல்துளையைத் திறந்தே வைத்து, அடித்துளையை நகர்த்திக் காற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். புகை மணம் வேண்டுமானால் தணல்மேல் கைப்பிடி அளவு காய்ந்த மரத்துண்டு போதும். அமெரிக்காவில் ஆப்பிள், செர்ரி மரங்களை விரும்புவார்கள். கோழித்தோல் புகையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், எனவே தாராளம் காட்டினால் இறக்கை கருவாட்டு மணத்துக்குப் போய்விடும். கம்பித்தட்டைச் சூடேற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தபின் துண்டுகளைப் பரப்பி மூடிவிடலாம். 20 நிமிடம் திறக்கவே தேவையில்லை. திறந்து திறந்து பார்ப்பவர்களின் அடுப்பில் சூடு நிற்பதில்லை.

பிறகு ஒருமுறை திருப்பி, இன்னும் 15 முதல் 20 நிமிடம். இந்த நேரத்தில்தான் தோலடிக் கொழுப்பு உருகி வடிகிறது, தோல் சுருங்கி எலும்பைக் கவ்வுகிறது. கோழிக்கறி உண்ணப் பாதுகாப்பானது என்று அமெரிக்க வேளாண் துறை வைத்திருக்கும் எல்லை 74 டிகிரி. இறக்கையை அங்கே இறக்கிவிட்டால் நோய் வராது, ருசியும் வராது. கொலாஜன் ஜெலட்டினாக இளகுவதற்கு அதற்கு மேலும் சூடு வேண்டும். எலும்பைத் தொடாமல் தடித்த இடத்தில் குத்திய வெப்பமானி 85 முதல் 90 டிகிரி காட்டும்போதுதான் கறி எலும்பிலிருந்து தானே கழலும். வெப்பமானி இல்லையென்றால் நடுத்துண்டின் இரண்டு எலும்புகளையும் எதிரெதிர்த் திசையில் மெல்லத் திருகிப் பார்க்கலாம். எதிர்ப்பு இல்லாமல் அசைந்தால் வெந்துவிட்டது.

கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் துண்டுகள் தணலின் நேர்மேலே போகின்றன. இங்கே இடுக்கியைக் கீழே வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் கொழுப்பு சொட்டியதும் தீ குபீரென்று எழும். எழுந்த இடத்திலிருந்து துண்டை நகர்த்த வேண்டுமே தவிர, தண்ணீர் தெளிக்கக் கூடாது. தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும், சுடுநீராவி கையில் அடிக்கும். மூடியைச் சாத்தினால் காற்றில்லாமல் தீ தானே தணியும். கொழுப்புத் தீயின் புகையில் உடம்புக்கு ஆகாத பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் உண்டு. முன்பே கொழுப்பை வெறும் பக்கத்தில் வடித்துவிடுவதால் இந்தப் புகையும் கணிசமாகக் குறைகிறது. பழுப்பு நல்லது. கருப்பு, நிறம் மட்டுமல்ல, கசப்பும்கூட.

இவ்வளவுக்குப் பிறகுதான் மிளகாய் வருகிறது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நாக்கில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசின் ஒரு பங்கைப் பெற்றார். அதே ஏற்பி 43 டிகிரிக்கு மேலான உண்மையான சூட்டுக்கும் விழித்துக்கொள்ளும் என்பதால், அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில் தின்னும் இறக்கை ஆறிய இறக்கையைவிடக் காரமாகத் தெரிவது பிரமை அல்ல. பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு மசிவதில்லை. மிளகாய்ப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதே அவைதான். ஆகவே மனிதர் வாயைக் கொளுத்தும் அந்த சாஸைக் கோழி உயிரோடு இருந்தபோது கொடுத்திருந்தால், அதற்கு உறைத்திருக்காது. கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். சாஸில் வெண்ணெய் சேர்வதற்கும், காரம் தாங்காதவர்களுக்குத் தண்ணீரைவிடப் பாலும் மோரும் கைகொடுப்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. பாலில் உள்ள கேசீன் புரதம் கேப்சைசினைப் பிடித்து நாக்கிலிருந்து அகற்றுகிறது.

மிளகாய்த்தூளையும் சர்க்கரை கலந்த சாஸையும் முதலிலேயே பூசக் கூடாது என்பதற்குக் காரணம் எளியது. முக்கால் மணி நேர நெருப்பில் தூளின் நிறமும் இனிப்பும் கருகிக் கசக்கும். காரம் மட்டும் போகாமல் நிற்கும், மணம் போய்விடும். மிளகாயின் மணத்துக்காகத்தான் இத்தனையும் என்றால், அதை நெருப்பிலிருந்து காப்பாற்றுவதே முறை.

பஃபலோ சாஸுக்கு இரண்டே பொருள்கள்: கயென் மிளகாய்ச் சாறும் வெண்ணெயும். மிளகாய், வினிகர், உப்பு, பூண்டுத்தூள் சேர்ந்த ஃபிராங்க்ஸ் ரெட்ஹாட் என்ற புட்டிச் சாறு, 1920இலிருந்து விற்பனையில் இருப்பது. 1964இன் அந்த முதல் தட்டில் இருந்தது தங்கள் சாஸ்தான் என்று அதைத் தயாரிப்பவர்கள் சொல்லிவருகிறார்கள். ஸ்கோவில் அளவுகோலில் அது ஏறத்தாழ 450. வெறும் கயென் மிளகாய் 30,000 முதல் 50,000 என்பதோடு வைத்துப் பார்த்தால், ஆந்திராவோ செட்டிநாடோ பழகிய நாக்குக்கு இது புளிப்பு சாஸ்தான். ஒரு கிலோ இறக்கைக்கு 120 மில்லிலிட்டர் சாஸ், 75 கிராம் வெண்ணெய். சாஸை மட்டும் மெல்லிய தீயில் சூடாக்கி, இறக்கிவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக் கலக்க வேண்டும். வெண்ணெயில் இருக்கும் நீரும் பால்திடமும் சேர்ந்து சாஸ் பிரியாமல் பளபளப்பாக நிற்கும். கொதிக்கவிட்டால் நெய் மேலே மிதக்கும், புளித்த தண்ணீர் கீழே நிற்கும். வெண்ணெயைக் கூட்டினால் காரம் தணியும், குறைத்தால் ஏறும்.

அந்தப் புட்டி கிடைக்காத இடத்தில் வீட்டிலேயே சாறு எடுப்பது பெரிய காரியமில்லை. 25 கிராம் காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளி, 4 பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி உப்பு, 120 மில்லிலிட்டர் வினிகர், அதே அளவு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, ஆறியதும் அரைத்து வடிகட்டினால் ஆயிற்று. கொதிக்கும்போது முகத்தை அருகே கொண்டுபோகாமல் இருப்பது புத்திசாலித்தனம். நிறத்துக்குக் காஷ்மீரி அல்லது பியாடகி மிளகாய், காரத்துக்குக் குண்டூர் சன்னம். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் பார்வைக்கும் நாக்குக்கும் சரியாக வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் தடித்த தோல் உள்ளது, அரைத்தால் சாறு கெட்டியாக வரும். இறக்கையில் ஒட்டி நிற்க அந்தக் கெட்டித்தன்மை உதவுகிறது.

வேறு நாடுகளிலும் கரி நெருப்பு இறக்கைக்குத் தனித்தனி மரபு இருக்கிறது. கோலாலம்பூரின் ஜாலான் அலோர் தெருவில் இனிப்பும் சோயாவும் ஏறிய இறக்கைகளைக் கரி நெருப்பில் வாட்டி, மிளகாய்ச் சட்னியைத் தனியாகக் கிண்ணத்தில் வைப்பார்கள். காரத்தை நெருப்புக்குப் பிறகு சேர்க்கும் அதே யோசனை. ஜமைக்காவின் ஜெர்க் முறை இதற்கு விலக்கு. ஸ்காட்ச் பானட் மிளகாயும் ஆல்ஸ்பைஸும் அரைத்த விழுதை முன்பே தடவி, பிமெண்டோ மரப்புகையில் நிதானமாகச் சுடுவார்கள். அங்கே தோல் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. புகையும் விழுதும் ஒன்றாகக் கலந்து கருமை ஏறிய பூச்சுதான் அந்தப் பண்டத்தின் அடையாளம்.

சுட்ட துண்டுகளை அடுப்பிலிருந்து எடுத்து மூன்று நான்கு நிமிடம் கம்பித்தட்டில் விட்டு, பெரிய பாத்திரத்தில் போட்டு, வெதுவெதுப்பான சாஸை ஊற்றிக் குலுக்கினால் எல்லாத் துண்டிலும் மெல்லிய பூச்சாகப் படியும். குலுக்கிய கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். கால் மணி நேரம் கழித்தால் அத்தனை பாடுபட்டு உலர்த்திய தோல் சாஸை உறிஞ்சித் தளர்ந்துவிடும். விருந்தாளிகள் ஒருவர் ஒருவராக வரும் நாளில் சாஸைத் தனியே வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஏற்பக் குலுக்கிக் கொடுப்பது உத்தமம். பக்கத்தில் வைக்கும் செலரியும் புளூ சீஸும் பஃபலோவில் மாற்ற முடியாத சம்பிரதாயம், அங்கே ராஞ்ச் டிரெஸ்ஸிங் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஊர்களில், துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் நசுக்கிய பூண்டும் உப்பும் கலந்து, நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரிக்காயோடு வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

பச்சை இறக்கை இருந்த தட்டிலேயே சுட்டதை எடுத்து வைப்பது, பச்சைக்கு வைத்த இடுக்கியாலேயே பரிமாறுவது இரண்டும் திறந்தவெளிச் சமையலில் சர்வசாதாரணமாக நடக்கும் தவறுகள். தனித்தட்டு, தனி இடுக்கி வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் சமைத்த கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, மற்ற நாட்களில் இரண்டு மணி நேரம். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாட்களுக்குள், சூடான அவனிலோ தோசைக்கல்லிலோ மூடாமல் சூடாக்கினால் தோலில் கொஞ்சமாவது உயிர் திரும்பும். மைக்ரோவேவில் திரும்பாது. மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ, கண்ணாடி அடைத்த பால்கனிக்குள்ளோ தூக்கிக்கொண்டு போவது உயிருக்கே ஆபத்து. அணைவது போலத் தெரியும் தணலும் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் இரண்டு காற்றுத்துளைகளையும் அடைத்துவிட்டால் கரி தானே அணையும், எரியாத துண்டுகள் அடுத்த முறைக்கு உதவும். சாம்பலை முழுதாக 2 நாள் ஆறவிட்டு, இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் அல்ல.